குளிர்குகையில் எழுந்த நாற்றம்

ஓங்குமலையின் வடசரிவில் விலங்குகள் பல ஒன்றுகூடி வாழ்ந்தன. அங்கே ஒரு குகை இருந்தது. சுனைநீர் அதன் சுவர்களில் இடைவிடாது கசிந்தமையால், கடுங்கோடையிலும் உள்ளே குளிர் குறையாது. குகையின் தரையில் ஆழமான குழி ஒன்று உண்டு. அதில் பாசியைப் பரப்பிக் காய்களையும் கனிகளையும் அடுக்கிவைத்தால் நெடுநாள் வாடாமல் இருக்கும். காடு காய்ந்துபோகும் காலத்தில் அனைவருக்கும் சோறு போடுவது அந்தக் குழியே.

அவர்களிடையே ஒரு வழக்கம் இருந்தது. ஒவ்வோர் ஆண்டும் தலைவர் தரும் கனியையே முதலில் குழியின் அடியில் வைப்பார்கள். ஏனையோரின் பங்கெல்லாம் அதன்மேல் ஏறும். முதல் மழை பெய்யும் நாளில் தலைவரின் கனியை எடுத்துப் பகிர்ந்து உண்பார்கள். அதற்கு முன்னர் அதைத் தொடுவது தலைவரை அவமதிப்பதாகும்.

அவ்வாண்டு தலைவர் கருவாய்க் கரடியார் ஒரு பலாப்பழத்தைக் கொடுத்தார். குழிக்குக் காவலரான ஊசிமேனி முள்ளம்பன்றியார் அதைப் பணிவுடன் வாங்கி அடியில் வைத்தார்.

செவ்வாலி என்னும் மலையணிலுக்கு இரண்டு குட்டிகள். அவை இன்னும் கிளை தாவக் கற்கவில்லை. பருந்தின் நகம் பட்டு அவளுடைய முன்கால் ஒன்று முடமாகியிருந்தது. மற்றவர்களைப் போல மலையைக் கடந்து அடுத்த காட்டுக்குச் செல்ல அவளால் இயலாது. கால் நன்றாக இருந்தபோது அவள் சேர்த்த நெல்லியும் விளாங்காயும் அத்தியும் அக்குழியில் இருந்தன. அவற்றை விட்டால் அவளுக்கு வேறு கதி இல்லை.

கோடை தொடங்கியதும் குகையில் ஒரு நாற்றம் எழுந்தது.

“என்ன வாடை இது, ஊசிமேனி அண்ணே? உள்ளே ஏதேனும் செத்துக் கிடக்கிறதா?” என்று மூக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார் நீள்வாலர் என்னும் கருமந்தி.

“நீர் உள்ளே வந்த பிறகுதான் ஐயா நாறுகிறது. சுனையில் இறங்கிக் குளித்து எத்தனை மாதம் ஆயிற்று?” என்றார் ஊசிமேனியார்.

செவ்வாலி குழியின் விளிம்பில் குனிந்து முகர்ந்தாள். “அண்ணே, அடியிலிருந்துதான் வருகிறது.”

“அடியில் இருப்பது என்னவென்று தெரியுமா உனக்கு?”

“தெரியும்.”

“தெரிந்துமா சொல்கிறாய்?”

“நான் ஒன்றும் சொல்லவில்லை அண்ணே. வருகிற இடத்தைத்தான் சொன்னேன்.”

நீள்வாலர் சிரித்தார். “சொல்லம்மா, நன்றாகச் சொல். நீங்கள் கொடுத்த பழம் நாறுகிறது என்று கரடியார் வாசலில் நின்று சொல்லிவிட்டு வா. அடுத்த ஆண்டு உன் பங்கை வைக்க இங்கே இடம் கிடைக்கிறதா பார்ப்போம்.”

செவ்வாலி தன் குட்டிகளை நினைத்தாள். வாயை மூடிக்கொண்டாள்.

பிறகு எல்லாரும் நாற்றத்தைப் போக்க முனைந்தார்கள். வெட்டிவேரைக் கொணர்ந்து குழியின்மேல் பரப்பினார்கள். குகை மணத்தது, மறுநாளே நாற்றம் மீண்டது. காட்டெலுமிச்சையைப் பிளந்து வைத்தார்கள். அதுவும் பயனளிக்கவில்லை. இடி விழுந்து எரிந்த மரத்திலிருந்து கரி கொணர்ந்தார்கள். செவ்வாலியும் முடக்காலை இழுத்துக்கொண்டு தன்னால் இயன்ற கரியைச் சுமந்தாள். கரி நாற்றத்தைச் சற்றே உறிஞ்சியது. அனைவரும் மகிழ்ந்தனர். அன்று அவர்கள் அடியைக் கிளறியிருந்தால் பாதிப் பண்டமாவது தப்பியிருக்கும்.

ஒருநாள் குகையில் யாருமில்லை. செவ்வாலி தனியே வந்து, குழிக்குள் கையை விட்டாள். மேலே கிடந்த நெல்லி கெட்டியாக இருந்தது. அதன் கீழே இருந்த அத்தி கொழகொழவென்று குழைந்தது. இன்னும் ஒரு சாண் தோண்டினால் பலாவைத் தொட்டுவிடலாம். வெளியே ஏதோ சருகு சலசலத்தது. அவள் கையை உதறிக்கொண்டு ஓடிவிட்டாள்.

நாற்றம் முற்றியபோது ஊசிமேனியார் ஒரு முடிவுக்கு வந்தார். ஈரப்பாசியைத் தடிமனாகப் போர்த்தி, அதன்மேல் கற்பலகையை இழுத்து மூடச் செய்தார். நாற்றம் அடங்கியது. “பார்த்தீர்களா? இனி ஒரு குறையுமில்லை!” என்று அவர் முள்ளைச் சிலிர்த்துக்கொண்டார். உள்ளே காற்றில்லாமல் புழுங்கிய அழுகல் கனிக்குக் கனி தாவிக்கொண்டிருந்தது.

காட்டில் பச்சை என்று ஒன்றும் மிஞ்சாத நாளில் கற்பலகையை அகற்றினார்கள். குழியில் காயும் இல்லை, கனியும் இல்லை. கறுத்த சேறுதான் இருந்தது. அதில் புழுக்கள் நெளிந்தன.

கூக்குரல் கேட்டுக் கரடியார் வந்தார். எட்டிப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார்.

“அடியில் என்ன அது?”

“தாங்கள் தந்தருளிய பலா,” என்றார் ஊசிமேனியார். “நாங்கள் யாரும் அதைத் தொடவில்லை ஐயா.”

“அதையா இத்தனை நாள் வைத்திருந்தீர்கள்? வெடித்துப் புளித்துப்போய், என்னால் தின்ன முடியாமல் தள்ளிவிட்ட பழமல்லவா அது! ஒரு சொல் சொல்லியிருந்தால் நானே எடுத்து எறிந்திருப்பேனே.”



கால் உள்ளவர்கள் அன்றே மலையைக் கடக்கப் புறப்பட்டார்கள். நீள்வாலர் செவ்வாலியின் பொந்தருகே சற்று நின்றார். “அங்கே ஏதேனும் கிடைத்தால் கொண்டுவருகிறேன், அம்மா,” என்றார்.

“சரி அண்ணே, போய் வாருங்கள்,” என்றாள் அவள். அவர் திரும்பி வரமாட்டார் என்பது இருவருக்கும் தெரிந்திருந்தது.

அவளுக்குப் பால் வற்றிவிட்டது. மூத்த குட்டி பசியால் அழுதது. இளையது அழுவதை நிறுத்திவிட்டது. அவள் அதைத் தன் வாலால் மூடிக்கொண்டு, முகிலில்லாத வானத்தைப் பார்த்தபடி இருந்தாள்.

அழுகியதை எடுத்தெறிய அஞ்சி அதன் நாற்றத்தை மட்டும் மறைப்பவர்கள், தம்மிடமுள்ள நல்லதனைத்தையும் தாமே அழுகலுக்கு இரையாக்குகிறார்கள்.