உண்ணிக்கொக்கு கேட்ட கேள்வி

அந்தக் காலத்தில், வாய் உள்ளதெல்லாம் வார்த்தையும் உள்ளதாக இருந்தபோது, நாணலேரிக் கரையில் கருக்காயி என்று ஓர் எருமை இருந்தாள். பெரிய உடம்பு, பின்னோக்கி வளைந்த கொம்பு, நிதானமான நாக்கு. காலையில் ஒன்று கேட்டால் மத்தியானம்தான் பதில் வரும். மந்தபுத்தி என்று மற்ற மாடுகள் சொல்லும். கருக்காயி அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. புல்லை இரண்டு தரம் மெல்லுகிறவள் சொல்லை ஒரு தரமாவது மெல்ல வேண்டாமா என்பது அவள் எண்ணம்.

அவளுக்கு ஒரு கன்று. நெற்றியில் சுழி இருந்ததால் சுழியன் என்று பெயர். பிறந்து மூன்று மாதம்.

அப்போதெல்லாம் பேச்சு இருந்ததே தவிர, சொற்கள் இவ்வளவு கிடையாது. ஒருவரை ஒன்று செய்ய விடுவதற்கு ‘விட்டேன்’ என்ற ஒரே சொல்தான். ஆசையாகக் கூப்பிட்டு உட்கார வைத்தாலும் விட்டேன். தடுக்கத் தெம்பில்லாமல் பார்த்துக்கொண்டு நின்றாலும் விட்டேன். இரண்டுக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்பது கருக்காயிக்கு அந்தக் கோடையில்தான் தெரிந்தது.

அந்த வருஷம் மழை தள்ளிப்போய்விட்டது. ஏரி வற்றி, நடுவில் ஒரு குட்டையாகச் சுருங்கியது. புரள்வதற்குச் சேறு இல்லை. சேறு பூசாத தோலில் உண்ணிகள் ஏறின. வாலும் எட்டாத, கொம்பும் எட்டாத நடு முதுகில் அவை கொத்துக்கொத்தாகத் தொங்கின.

ஒருநாள் கொத்தன் என்கிற காக்கை பனைமரத்திலிருந்து இறங்கி அவள் முதுகில் உட்கார்ந்தான். யாரது, என்ன சொல்லலாம் என்று கருக்காயி யோசித்து முடிப்பதற்குள் நாலு உண்ணியைத் தின்றுவிட்டுப் பறந்துபோனான். முதுகு கொஞ்சம் லேசானது போலத்தான் இருந்தது. சரி, போகிறான் என்று இருந்துவிட்டாள்.

கொத்தன் பனைமரத்தில் போய், “கருக்காயி விட்டாள்” என்று சொன்னான்.

மறுநாள் ஏழு காக்கைகள் வந்தன. அதற்கு மறுநாள் முப்பது. உண்ணிகள் எத்தனை நாளைக்குக் காணும்? அவை தீர்ந்ததும், வேலமுள் கிழித்து அவள் தோளில் ஒரு புண் இருந்தது, அதைக் கொத்த ஆரம்பித்தன. உதறினால் எழும்பும், நின்றால் திரும்ப உட்காரும்.

“உங்களை யார் வரச் சொன்னது?” என்று கேட்டாள் கருக்காயி.

“நீதானே விட்டாய்” என்றான் கொத்தன்.

“நான் எங்கே விட்டேன்? சும்மா இருந்தேன்.”

“சும்மா இருந்தால் விட்டதாகத்தானே அர்த்தம்? வேறு என்ன பெயர் அதற்கு? இருந்தால் சொல்லேன், கேட்டுக்கொள்கிறேன்.”

கருக்காயி தேடிப் பார்த்தாள். இல்லை. அவளிடமும் இல்லை, அந்தக் கரையில் யாரிடமும் இல்லை. புண்ணைவிட அதுதான் அதிகமாக வலித்தது.

நாணலேரிக்குப் பெரியதனம் ஒரு யானை. வழக்கு, வம்பு எல்லாம் அவரிடம்தான் போகும். கருக்காயி கன்றை முன்னால் விட்டுக்கொண்டு போய் நின்றாள். யானை காதை ஆட்டியபடி இரண்டு பக்கத்தையும் கேட்டார்.

“முதல் நாள் நீ ஒன்றும் சொல்லவில்லை?”

“சொல்லவில்லை, ஐயா.”

“அப்படியானால் விட்டிருக்கிறாய். ஆகவே, மழை வரும்வரை காக்கைகள் எருமை முதுகில் உட்காரலாம். இது என் உத்தரவு.”

“ஐயா, முதுகு என்னுடையது.”

“ஏரி என்னுடையது. ஏரிக்கரையில் நிற்கும் முதுகும் ஏரியோடு சேர்த்திதான்” என்று சொல்லிவிட்டு யானை கரும்பு தின்னப் போய்விட்டார்.

உத்தரவு என்ற சொல் அன்றுதான் கரைக்கு வந்தது. கொத்தனுக்குத் தலைகால் புரியவில்லை. “இனிமேல் நீ விட்டாலென்ன, விடாவிட்டாலென்ன!” என்று அவள் கொம்பிலேயே உட்கார்ந்து கத்தினான். எருமை முதுகு என்று உத்தரவு ஆனபிறகு கன்றின் முதுகும் எருமை முதுகுதானே? சுழியனின் இடது கண் இமையில் ஓர் உண்ணி ஒட்டியிருந்தது. ஒருநாள் கொத்தன் அதைக் குறிவைத்து ஒரு கொத்து விட்டான். குறி தப்பியது. இமை கிழிந்து ரத்தம் வந்தது. கன்று “அம்மா!” என்று அலறியது.

கருக்காயி ஓடியதை அதற்குமுன் யாரும் பார்த்ததில்லை. அன்று பார்த்தார்கள். புழுதி பறக்க வந்து கொம்பைச் சுழற்றினாள். காக்கைகள் பனைமரத்துக்கு ஏறின. உத்தரவு கையில் இருந்தாலும் கீழே இறங்க ஒன்றுக்கும் தைரியம் வரவில்லை.

அதன்பிறகு அவள் கன்றைத் தன் வயிற்றுக்கடியில் நிறுத்திக்கொண்டே மேய்ந்தாள். இனி எந்த அலகும் இவன் பக்கத்தில் வரக்கூடாது என்று மனதுக்குள் ஒரு வைராக்கியம். ஆனால் உண்ணி இமையிலேயே இருந்தது. இருந்து, ரத்தம் குடித்துப் பருத்தது. சுழியனின் கண் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வந்தது.

அப்படி இருக்கையில்தான் வெள்ளச்சி வந்தாள்.

வெள்ளச்சி ஒரு கொக்கு. குட்டை ஓரத்துக் கருவேல மரத்தில் கூடு, கூட்டில் நாலு குஞ்சுகள். வயல் காய்ந்து, தவளை ஒளிந்து, குஞ்சுகளுக்குக் கொடுக்க ஒன்றும் கிடைக்காமல் அலைந்துகொண்டிருந்தவள். அவள் கருக்காயிக்குப் பத்தடி தள்ளி இறங்கி, கழுத்தை முன்னால் நீட்டிக் கேட்டாள்:

“அக்கா, பக்கத்தில் வரட்டுமா?”

கருக்காயி அசைபோடுவதை நிறுத்திவிட்டாள். இப்படி ஒரு பேச்சை அவள் கேட்டதே இல்லை.

“என்ன சொன்னாய்?”

“வரட்டுமா என்றேன். நீங்கள் நடக்கும்போது புல்லிலிருந்து வெட்டுக்கிளி எழும்புகிறது. பிடித்துக்கொண்டால் என் குஞ்சுகளுக்கு ஆகும்.”

“வருகிறவர்கள் வந்துவிட்டுத்தானே போகிறார்கள்? நீ எதற்குக் கேட்கிறாய்?”

வெள்ளச்சி ஒரு காலை மடக்கிக்கொண்டு சொன்னாள். “என் கூட்டில் குஞ்சுகள் ஒன்றையொன்று மிதித்துக்கொண்டு கிடக்கும். கத்துகிறதைத்தான் தூக்கி மேலே வைப்பேன். கத்தாமல் கிடந்தது சுகமாக இருக்கிறது என்று நினைத்தேன். ஒருநாள் பார்த்தால், கத்தாமல் கிடந்ததுதான் எல்லாவற்றுக்கும் அடியில் நசுங்கிக்கொண்டிருந்தது. பிழைத்துவிட்டது, அக்கா. ஆனால் அன்றையிலிருந்து, சும்மா இருக்கிறவர்களை ஒரு வார்த்தை கேட்டுவிடுவது என்று வைத்துக்கொண்டேன்.”

கருக்காயி யோசித்தாள். அவள் யோசனைதான் தெரியுமே. வெயில் கொம்புக்கு நேராக வந்து வால்பக்கம் சாய்ந்தது. கருவேல மரத்திலிருந்து குஞ்சுகளின் பசிச் சத்தம் வந்துகொண்டே இருந்தது. வெள்ளச்சி அந்தப் பக்கம் ஒருதரம் பார்ப்பாள், இந்தப் பக்கம் ஒருதரம் பார்ப்பாள். ஆனால் ஓரடி முன்னால் வைக்கவில்லை.

“அடி பைத்தியமே, ஏறி உட்கார்! அவள் விடுவாள்!” என்று பனைமரத்திலிருந்து கொத்தன் சிரித்தான்.

வெயில் தணிந்தபோது கருக்காயி சொன்னாள். “வா.”

வந்தாள். எருமை ஓரடி வைக்க, புல்லிலிருந்து வெட்டுக்கிளிகள் பொரிபோலத் தெறித்தன. அலகு நிறையப் பிடித்துக்கொண்டு கூட்டுக்குப் போனாள், திரும்ப வந்தாள், திரும்பப் போனாள். குஞ்சுகளின் சத்தம் அடங்கியது. அதற்கப்புறம், “முதுகில் ஏறட்டுமா, அக்கா?” என்று கேட்டாள்.

“அதற்கும் சேர்த்துத்தானே வா என்றேன்?”

“வா என்றது பக்கத்தில். முதுகு வேறே இல்லையா?”

கருக்காயிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல நாளைக்கப்புறம் வந்த சிரிப்பு. “ஏறு. தோளில் புண் இருக்கிறது, அங்கே மட்டும் வாய் வைக்காதே.”

வெள்ளச்சி வைக்கவில்லை. புதிதாக ஏறியிருந்த உண்ணிகளை ஒவ்வொன்றாக எடுத்தாள். புண் பக்கம் வரும்போது சுற்றிக்கொண்டு போனாள்.

கொத்தனுக்குப் பொறுக்கவில்லை. “உத்தரவு காக்கைகளுக்குத்தான்! கொக்குக்கு உத்தரவு கிடையாது! இறங்கச் சொல் அவளை!”

“உத்தரவு யானை கொடுத்தது. இடம் நான் கொடுத்தது” என்றாள் கருக்காயி. இந்த முறை அவள் யோசிக்கவே இல்லை. அவ்வளவு நாளாகத் தேடிய சொல் தானாக வாயில் வந்திருந்தது. “உங்களுக்கு நான் இடம் கொடுக்கவில்லை. உத்தரவு வைத்திருக்கிறவர்கள் உத்தரவு கொடுத்தவர் முதுகிலேயே போய் உட்காருங்கள்.”

கொத்தனுக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. யானை முதுகு என்ன, மைதானம் மாதிரி! முப்பது காக்கைகளும் அங்கே போய் இறங்கின. “யாரடா உங்களை விட்டது?” என்று யானை பிளிறினார். “நீங்கள் ஒன்றும் சொல்லவில்லையே, ஐயா” என்றன காக்கைகள். யானை தும்பிக்கையால் மண்ணை வாரி முதுகில் இறைத்து இறைத்துப் பார்த்தார். அந்தப் பழக்கம் அவருக்கு இன்றைக்கும் விடவில்லை. உத்தரவை அன்றைக்கே ரத்து செய்துவிட்டார்.

ஆனால் சுழியனின் கண்?

வெள்ளச்சி அதை முதல் நாளே பார்த்திருந்தாள். மறுநாள் மெதுவாகக் கேட்டாள். “அக்கா, பிள்ளை கண்ணில் இருப்பதை எடுக்கட்டுமா?”

“வேண்டாம்.”

அவ்வளவுதான். வெள்ளச்சி மறுபேச்சு பேசவில்லை. கன்றின் தலைப் பக்கம் போகவும் இல்லை. மூன்று நாள் முதுகில் ஏறினாள், இறங்கினாள், தன் வேலையைப் பார்த்தாள்.

நாலாம் நாள் சுழியன் ஒரு கண் தெரியாமல் வாய்க்காலில் விழுந்தான். பெரிய அடியில்லை. எழுந்து நின்று, இடப்பக்கம் நின்ற அம்மாவைக் காணாமல் வேலமரத்தைப் பார்த்து, “அம்மா” என்று கூப்பிட்டான். கருக்காயி போய் அவனை மூக்கால் தன் பக்கம் திருப்பினாள்.

ஒரு பக்கம், கொத்தன் கிழித்த இமை கண்முன் நின்றது. இந்த அலகும் அலகுதானே, கூர்தானே. தப்பிப்போனால் பிள்ளைக்கு ஆயுசுக்கும் ஒரு கண் இல்லை. இன்னொரு பக்கம் இந்தக் கொக்கு. இவளை எதைக்கொண்டு நம்புவது? கேட்டுக் கேட்டு வந்தாள் என்றா? கேட்பது யாருக்கும் எளிது. கருக்காயி மென்றாள், திரும்ப மென்றாள். வேண்டாம் என்றதும் நின்றாளே. குஞ்சுகள் பசித்துக் கத்தியபோதும் ஓரடி வைக்காமல் நின்றாளே. நிற்கத் தெரிந்தவள் கையில்தான் கொடுக்க முடியும்.

அவள் குட்டை ஓரத்தில் முன்னங்காலை மடக்கிப் படுத்தாள். கன்றின் தலையை இழுத்துத் தன் காலின்மேல் வைத்துக்கொண்டாள்.

“வெள்ளச்சி, எடு.”

வெள்ளச்சி அலகை ஈரத்தில் துடைத்துக்கொண்டு கன்றின் முன்னால் வந்து நின்றாள். “சுழியா, எடுக்கட்டுமா?”

“நான்தான் சொல்லிவிட்டேனே” என்றாள் கருக்காயி.

“கண் அவனுடையதல்லவா, அக்கா.”

சுழியன் நடுங்கினான். “வலிக்குமா?”

“வலிக்கும்.”

“நிறுத்து என்றால் நிறுத்துவாயா?”

“நிறுத்துவேன்.”

“ம்” என்றான் சுழியன்.

வெள்ளச்சி அலகு நுனியால் உண்ணியின் அடியைப் பிடித்தாள். மெதுவாக அசைத்தாள். அது பாதி தளர்ந்தது. “நிறுத்து!” என்று கன்று கத்தியது. அந்தக் கணமே அலகு விலகியது. இன்னும் ஓர் இழுப்பு இழுத்திருந்தால் வந்திருக்கும். பனைமரத்தில் கொத்தன்கூட, “அட, இழுத்திருக்கலாமே!” என்று தலையில் அடித்துக்கொண்டான்.

வெள்ளச்சி ஒற்றைக்காலில் நின்றாள். சுழியன் மூச்சு வாங்கினான். அம்மாவின் நாக்கு அவன் நெற்றிச் சுழியை நக்கிக்கொடுத்தது. அவனுக்கு இப்போது ஒன்று தெரிந்துவிட்டது. நிறுத்து என்றால் நிற்கிறது. நடுக்கம் குறைந்தது.

“ம். இப்போது எடு.”

ஒரே இழுப்பு. உண்ணி வந்துவிட்டது.

இரண்டு நாளில் வீக்கம் வடிந்தது. மூன்றாம் நாள் காலை சுழியன் இடது கண்ணைத் திறந்து, வலது கண்ணை மூடி, அதை வைத்தே அம்மாவை மேலும் கீழும் பார்த்தான். பிறகு வெட்டுக்கிளியைத் துரத்திக்கொண்டு ஓடினான். கருக்காயி வெகுநேரம் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றாள். முதுகில் வெள்ளச்சி இருந்தாள்.

மழை வந்தது, ஏரி நிறைந்தது, நாலு குஞ்சுகளும் இறகு முளைத்துக் கரைக்கு வந்தன. வந்ததும் ஒவ்வொன்றும் கழுத்தை நீட்டி, “வரட்டுமா?” என்று கேட்டது. கருக்காயி நாலு தரமும் பதில் சொன்னாள்.

அன்று முதல்தான் உண்ணிக்கொக்கு எருமையின் பக்கத்தில் நடக்கும்போது ஓரடிக்கு ஒருதரம் கழுத்தை நீட்டி நீட்டி இழுக்கிறது, எருமையும் காதை ஓர் ஆட்டு ஆட்டி ‘ம்’ என்கிறது. கரையில் மாடு மேய்த்த மனிதர்கள் அதைப் பார்த்துப் பழகியதால்தான், நம் பக்கத்தில் யாரானாலும் ஒரு வீட்டை விட்டுக் கிளம்பும்போது “வரட்டுமா?” என்று கேட்டுவிட்டு, உள்ளேயிருந்து “ம், வாங்க” என்று காதில் விழும்வரை வாசற்படியிலேயே நிற்கிறார்கள்.