கடைவாய் இடுக்கில் ஒரு வெள்ளாமை

போன வருஷம் அந்தியூர் குதிரைச் சந்தையில் இந்தப் பெட்டைக் குதிரையை வாங்கும்போது நானும் என் பெண்டாட்டி பாவாயியும் சுழி சுழியாகத் தேடிப் பார்த்தோம். நெற்றி, கழுத்து, வயிற்றடி, எல்லாச் சுழியும் பிரமாதம். வாயைத் திறந்து பார்க்க மட்டும் இருவருக்கும் தோன்றவில்லை. இப்போது புல்லை மென்று மென்று உருண்டையாகத் துப்புகிறது. விலா எலும்பு தெரிகிறது. பட்டினியில் செத்துப்போகுமோ என்று பயந்துபோய், இந்த வருஷச் சந்தைக்கு ஓட்டி வந்து தரகர் சென்னியப்பனிடம் காட்டினோம்.

அவர் குனிந்து அதன் வாயை மோந்தார்.

"கடவாப் பல்லுக்கு நடுவுல இடுக்கு உழுந்திருக்குதுங்க. தீனி சிக்கி அழுகுது. இதெல்லாம் ஒரு நோவுங்களா? என்ற கருப்பன் குதிரைக்கு இருந்த இடுக்கை நீங்க பாத்திருக்கோணும். அதுல கொள்ளு சிக்கி மொளச்சு, கொடி காது வழியா வெளிய வந்திருச்சுங்க. அந்த வருஷம் எங்கூர்ல மழையே இல்ல. கருப்பன் வாயில மட்டும் மூணு மூட்டை வெளஞ்சுது."

பக்கத்தில் கரும்புச்சாறு குடித்துக்கொண்டிருந்தவர், "களம் எங்கீங்க, நாக்குலயா?" என்றார்.

"பின்ன? நாக்குலதான் தூத்துனோம். காத்துக்குக் காத்துக் கெடக்க வேண்டியதில்லை பாருங்க, அதுவே மூச்சு உடும்."

"அதைச் சுத்தம் பண்ணலீங்களா?" என்றாள் பாவாயி.

"எடுக்க எடுக்க மறுபடியும் சிக்குதுங்க அம்மிணி. இடுக்கு குறுகலா இருந்தாத்தான் சிக்கும். அகலமாக்குனா தீனி அதுபாட்டுக்கு வழுக்கிட்டுப் போயிரும். மாட்டாஸ்பத்திரி டாக்டருங்களே அதத்தான் பண்றாங்க. நான் அரத்தை எடுத்துட்டு உள்ள எறங்குனேன். கொஞ்சம் அகலம் சாஸ்தியாப் போச்சு. மொதல்ல மாட்டு வண்டி போய் வந்துட்டு இருந்துது. அப்பறம் பவானி பஸ்ஸு, சுத்திப் போறதுக்கு இது கிட்டம்னு அதுல பூந்து போக ஆரம்பிச்சிருச்சு."

"குதிரை சும்மாவா இருந்துச்சு?" என்றார் சாறு குடித்தவர்.

"பஸ்ஸு போனா ஒண்ணும் சொல்லாதுங்க. உள்ள நிறுத்தி ஆளு ஏத்துனாத்தான் கோவிச்சுக்கும்."

எனக்குப் பொறுமை போய்விட்டது. பெட்டையின் தலையைப் பிடித்துக்கொண்டு, "சரிங்க, வாயில கையை உட்டு எடுங்க" என்றேன்.

சென்னியப்பன் ஓரடி பின்னால் நகர்ந்தார். "கடிக்குமுங்களா?"

பாவாயி குதிரையின் நாக்கை ஒரு பக்கமாக இழுத்துப் பிடித்து, விரலை விட்டு, நாறிப்போன புல் கத்தையை உருவி எறிந்தாள். உப்புத் தண்ணீரைப் பீச்சிக் கழுவினாள். புல்லைப் பொடியாக நறுக்கித் தண்ணீரில் பிசறி நீட்டினாள். பெட்டை மென்றது. துப்பவில்லை, விழுங்கியது. சந்தை என்றும் பார்க்காமல் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

சென்னியப்பன் வேடிக்கை பார்க்கக் கூடியிருந்த கூட்டத்தின் பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களா? நான் பேசுன பேச்சுலயே பாதி இளகிருச்சு. அம்மிணி சும்மா தொட்டாங்க, உழுந்திருச்சு."