ஏரிக்கு உப்புப் போட்டது யார்?

முன்னொரு காலத்தில் நெட்டேரி நாட்டை மகுடவல்லபன் என்றொரு ராஜா ஆண்டுவந்தான். நல்ல ராஜாதான்; அவன் செய்தது தப்பு என்று யாரும் சொல்லாதவரைக்கும். கடல் அவன் ஊரிலிருந்து எட்டு நாள் வண்டிப் பயணம். அப்படியிருந்தும் அவனுடைய ஏரி உப்புக் கரித்தது.

எப்படி என்கிறீர்களா? அந்த ஏரி நிரம்பினால் உபரித் தண்ணீர் கலிங்கில் வழிந்து, கால்வாயில் ஓடி, பக்கத்து நாட்டைத் தாண்டிக் கடலுக்குப் போகும். பக்கத்து நாட்டு ராஜா ஒரு விருந்தில், "உங்கள் தயவில் எங்களுக்கும் கொஞ்சம் விளைகிறது" என்று மரியாதைக்குச் சொல்லிவைத்தான். மகுடவல்லபனுக்கு அது பொறுக்கவில்லை. "என் தண்ணீர் அவனுக்குச் சும்மாவா?" என்று குதித்தான்.

"ஒரு சொட்டும் வெளியே போகாமல் அடைத்துவிடலாம், பிரபு!" என்றார் ஏரிக் கண்காணி சிங்கராயர்.

கலிங்கை அடைத்தார்கள். கரையை உயர்த்தினார்கள். ஏரிக்கு வல்லபசாகரம் என்று பேர் வைத்து, சிங்கராயர் கையில் ஒரு தங்கக் காப்பும் போட்டார்கள். ஏழு கோடை போயிற்று. ஏரி பேருக்கு ஏற்றபடி சாகரமாகவே மாறிக்கொண்டு வந்தது. நாற்று கருகியது. மாடுகள் வாய் வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போயின.

சபையில் மட்டும் அந்தத் தண்ணீர் இனித்தது. மாதம் ஒருமுறை சிங்கராயர் வெள்ளிக் கிண்ணத்தில் கொண்டுவந்து ஒரு வாய் குடித்து, "தேன்!" என்பார். பிரதானிகள் வரிசையாக நின்று, "தேன்! தேன்!" என்பார்கள். ராஜாவுக்கு இளநீர்தான் பழக்கம். அவன் கேட்டுக்கொள்வதோடு சரி. சிங்கராயர் வீட்டுக்கோ மலையோடைத் தண்ணீர் தினமும் குடம் குடமாக வந்தது.

கடைசியில் மாட்டிக்கொண்டவள் அரண்மனைச் சமையற்காரி தையல்நாயகி.

"குழம்பா இது? வாயில் வைக்க முடியவில்லை! உப்பை அள்ளிக் கொட்டினாயா?" என்று ராஜா இலையைத் தள்ளினான்.

"மகாராஜா, நான் உப்புச் சாடியத் தொட்டு ஒரு வருஷமாச்சு. தண்ணியே உப்பாயிருக்கு" என்றாள் அவள். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

சிங்கராயருக்கு உள்ளே ஒரே குதூகலம். ராஜா சாப்பிடும்போது நல்லது கெட்டதைத் தன்னை விட்டுவிட்டு இந்த அடுப்படிக்காரியிடம் கேட்கிறாரே என்று வெகுநாளாக வெந்துகொண்டிருந்தவர் அவர். "பிரபுவின் ஏரியையா பழிக்கிறாள்? என்ன துணிச்சல்!"

"ஒரு மண்டலம் தருகிறேன்" என்றான் ராஜா. "ஏரி உப்பு என்று நிரூபி. உப்பு எப்படி வந்தது என்றும் காட்டு. முடியாவிட்டால் உன் தலை இருக்காது."

 அவளுக்குக் காரணம் தெரியாமல் இல்லை; தினமும் அடுப்பில் பார்ப்பதுதான். ஆனால் கலிங்கை அடைக்க உத்தரவு போட்டது ராஜா. சொல்லாவிட்டாலும் தலை போகும், "தப்பு உங்களுடையது" என்று சொன்னாலும் தலை போகும். பாவம், என்னதான் செய்வாள்?

மறுநாள் சபை வாசலிலேயே அடுப்பு மூட்டி ஒரு பெரிய பானையை ஏற்றினாள். ஏரிக்கு வரும் அதே மலையோடைத் தண்ணீரை ஊற்றினாள். ராஜா ஒரு வாய் குடித்து, "நல்ல தண்ணீர்" என்று ஒப்புக்கொண்டான். யாரும் எதையும் போடாதபடி இரண்டு காவலர்கள் நின்றார்கள். தண்ணீர் சுண்டச் சுண்ட ஓடைத் தண்ணீரை ஊற்றினாள். ஒரு மண்டலமும் இதே வேலை.

கெடு முடிந்த அன்று சபை நிரம்பி வழிந்தது.

தையல்நாயகி அகப்பையோடு நின்றாள். "மகாராஜா, இந்தப் பானையிலேருந்து ஒரு சொட்டு வெளிய விடல. நம்ம ஏரியப் பாத்துத்தான் கத்துக்கிட்டேன். ஒரு சொட்டும் வெளிய விடக்கூடாதுங்கற யோசனை முதல்ல யாருக்கு வந்துச்சோ, அவங்களுக்குத்தான் முதல் குவளை."

ராஜா மீசையைத் தடவினான். "நம்முடைய யோசனைதான்."

சிங்கராயரால் பொறுக்க முடியவில்லை. "மன்னிக்க வேண்டும், பிரபு! அடைக்கச் சொன்னது அடியேன். இதோ, நீங்கள் போட்ட காப்பு!" என்று கையைத் தூக்கிக் காட்டி, குவளையைப் பிடுங்கி மடக்கென்று குடித்தார்.

முகம் கோணிற்று. கண்ணில் தண்ணீர் முட்டியது.

"எப்படி?" என்றான் ராஜா.

ஏழு வருஷப் பழக்கம் விடுமா? "தே... தேன்!"

"அப்படியா? பானை முழுவதும் உமக்கே!"

மூன்றாவது குவளையில் சிங்கராயர் தடாலென்று காலில் விழுந்தார். "உப்பு, பிரபு! வாயெல்லாம் உப்பு!"

"ஏரித் தண்ணீர்?"

"அதுவும் உப்புத்தான், பிரபு!"

ராஜா காவலர்களைப் பார்த்தான். எதுவும் போடவில்லை என்று அவர்கள் சத்தியம் செய்தார்கள். "பிறகு ஏது உப்பு?"

"வர்ற தண்ணி ஒவ்வொரு தடவையும் துளி உப்பக் கொண்டாருது, மகாராஜா. தண்ணி ஆவியாப் போயிருது, உப்பு எங்க போகும்? வழிஞ்சு ஓடினாத்தான் அதுவும் போகும்."

 "அப்படியென்றால் ஏரிக்கு உப்புப் போட்டது..." என்று ராஜா இழுத்தான்.

"யோசனை யாருதுன்னு ராயரே சொல்லிட்டாரே, மகாராஜா" என்றாள் அவள், தரையைப் பார்த்தபடி.

ராஜாவுக்கு விளங்கிவிட்டது. தன்னைக் காட்டிக்கொடுக்காமல் விட்டாளே என்று வெட்கமாகவும் இருந்தது. சிரித்துச் சமாளித்தான். "கலிங்கைத் திறந்தால் பக்கத்து நாட்டானுக்கு மறுபடியும் சும்மாத் தண்ணீர் போகுமே?"

"முதல்ல போறது உப்பு, மகாராஜா. மழை வெள்ளத்தோட விடுவோம், வயலுக்குத் திருப்பாமக் கடலுக்கு விடுங்கன்னு அந்த ராஜாவுக்குச் சொல்லி அனுப்புங்க."

"நம் உப்பை அவன் வழியாகக் கடத்துவதா? பேஷ்!" என்று உடனே சம்மதித்தான். ராஜாக்களுக்கு நல்ல காரியமும் இப்படித்தான் இனிக்க வேண்டும்.

தங்கக் காப்பு தையல்நாயகி கைக்கு வந்தது. சிங்கராயர் தினமும் கலிங்கில் நின்று ஒரு குவளை குடித்து, உள்ளதை உள்ளபடி சொல்ல வேண்டும் என்று உத்தரவாயிற்று. ஒரே மழையில் உப்புப் போய்விடவில்லை. மூன்று மழைக்காலம் ஆயிற்று. நாலாவது வருஷம் அவர் ஓடிவந்து, "இனிக்கிறது!" என்று கத்தினார். ஒருத்தர்கூட நம்பவில்லை.

அன்று மத்தியானம் ராஜா சாப்பிட உட்கார்ந்தான். ஒரு கவளம் வாயில் வைத்தவன் கத்தினான்: "குழம்பில் உப்பே இல்லை!"

பிரதானிகள் நடுங்கினார்கள். ராஜாவோ எழுந்து நின்று விழுந்து விழுந்து சிரித்தான். பழைய ஞாபகத்தில் உப்புப் போடாமல் விட்ட தையல்நாயகி, உப்புச் சாடியைத் தேடி உள்ளே ஓடினாள்.