பிரதானியின் முதுகு

கருமலைச் சீமையில் தசரா ஊர்வலம். முன்னால் பிரதானி வைத்திலிங்கத்தின் பல்லக்கு, பின்னால் மகாராஜா ஏறிய பட்டத்து யானை. பிரதானிக்குத் தலைகால் புரியவில்லை. "எவனும் எனக்கு முதுகைக் காட்டக் கூடாது. காட்டினால் பத்துச் சாட்டையடி!" என்று புறப்படும்போதே முழங்கிவிட்டார். பாவம், முன்னால் போன மேளக்காரர்கள் பின்னோக்கியே நடந்தார்கள். வழியில் கிடந்த கல்லைப் பார்க்கத் தவில்காரர் ஒரு நொடி திரும்பினார். பத்தும் விழுந்தது.

பல்லக்கின் முன்கொம்பைத் தோளில் தாங்கியிருந்த மொக்கையனுக்கு அது பொறுக்கவில்லை. கூட்டாளிகளிடம் ஏதோ முணுமுணுத்தான். முன்கொம்புக்காரர்கள் நாலு பேரும் பிரதானியைப் பார்த்துத் திரும்பி அப்படியே நின்றுவிட்டார்கள். பின்கொம்புக்காரர்கள் தள்ளியும் பல்லக்கு ஓரடி நகரவில்லை. ஊர்வலமே நின்றது.

"என்னடா கூத்து இது?" யானைமேலிருந்து ராஜா அதட்டினார்.

"பிரதானி ஐயா உத்தரவுங்க மகாராஜா. அவருக்கு முதுகைக் காட்டக் கூடாதாம். சுமையோட பின்னோக்கி நடக்க முடியலீங்க," என்றான் மொக்கையன். "ஒரு சந்தேகம் சாமி. அவருக்கே காட்டக் கூடாதுன்னா, உங்களுக்குக் காட்டலாமுங்களா? ஐயா காலையிலேருந்து உங்களுக்கு முதுகைக் காட்டிக்கிட்டுத்தானே உட்கார்ந்திருக்காரு!"

ராஜா வாய்விட்டுச் சிரித்தார். பிரதானி பதறிக் குதித்ததில் தலைப்பாகை கழன்று உருண்டது.

கோயில் வரைக்கும் அவர் யானையைக் கும்பிட்டபடி பின்னோக்கியே நடந்தார். அவர் தடுமாறி வைத்த ஒவ்வொரு காலுக்கும், தவில்காரர் நிதானமாக ஒரு தட்டுத் தட்டினார்.