கிளிப்பச்சை முடிச்சு

முன்னொரு காலத்தில், சிரிப்பை மறந்துபோன ஓர் அரசரிடம் ஒரு விகடன் வேலை பார்த்தான். பசியே எடுக்காத வீட்டில் சமையல்காரன் இருப்பது போல.

விகடன் பெயர் உலகப்பன். அரசர் ஏன் சிரிப்பதில்லை என்பது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும். அவனுடைய விகடத்துக்கு அவர் என்றைக்குமே சிரித்ததில்லை. பக்கத்தில் அரசி வடிவாம்பிகை சிரிப்பாள். அவள் சிரிப்பதைப் பார்த்து அவர் சிரிப்பார். அவருடைய கிளிப்பச்சைத் தலைப்பாகை காணாமல் போய், வண்ணார்களை வரிசையாக நிறுத்தி விசாரித்த நாளிலும் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அரசரும் கோபத்தை விட்டுவிட்டுச் சிரித்தார். அடுத்த மாதம் காய்ச்சலில் அவள் போய்விட்டாள்.

காரியம் முடிந்த அன்று அரசர் ஆணையிட்டார். "அரசி விட்டுச் சென்றவை யாவும் அவள் விட்டுச் சென்றபடியே இருக்க வேண்டும். எந்தக் கை அதை மாற்றுகிறதோ, அந்தக் கை வெட்டப்படும்."

சீப்பு வைத்த இடத்தில் இருந்தது. கண்ணாடி மாட்டிய இடத்தில் இருந்தது. அவள் வைத்த முல்லைக்கொடி மட்டும் சும்மா இருக்கவில்லை. இரண்டு வருடத்தில் பந்தலை மூடி, மாடத்தில் ஏறி, தன் மேலேயே புரண்டு புதராகிவிட்டது. உள்ளே வெயில் நுழையவில்லை. பூ நின்றுபோனது.

"அவள் இல்லாமல் அதுவும் பூக்க மறுக்கிறது" என்றார் அரசர். அவையில் எல்லோரும் தலையாட்டினார்கள்.

உலகப்பன் தோட்டக்காரி நாச்சம்மையிடம் போய்க் கேட்டான். "முல்லைக்குக்கூடத் துக்கம் உண்டா நாச்சம்மா?"

"துக்கமாவது மண்ணாவது. புதுத் தளிர்லதான் சாமி பூ வரும். தையில கவாத்து பண்ணினா சித்திரையில கொட்டும். வெட்ட ஆரு விடறா?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "சித்திரையில அம்மாவோட திதி வருது. அவுங்க கொடியிலேருந்து ஒரு முழம் பூ இல்லியே."

அவன் அவைக்குத் திரும்பிவிட்டான். ஏதாவது சொல்லித் தடுத்திருக்கலாம் என்று பிறகு நினைத்தான். தை பிறந்த நான்காம் நாள் நாச்சம்மை கத்தியை எடுத்தாள்.

அன்றே அவளை அவைக்கு இழுத்து வந்தார்கள். அரண்மனைத் தோட்டம் பிரதானி மகுடேசரின் பொறுப்பு. "சிரிக்க வைக்காத விகடனுக்கு எதற்குச் சோறு?" என்று இரண்டு வருடமாக முணுமுணுப்பவர் அவர்.

"மாமன்னரே, இவள் அரசியாரின் கொடியை வெட்டிச் சாய்த்துவிட்டாள். இவளை முன்தினம் தூண்டிவிட்டவன் உலகப்பன். பேசியதைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள்."

நாச்சம்மை வலது கையை இடது கையால் பிடித்துக்கொண்டு நின்றாள். அழவில்லை. அந்தக் கையில் முல்லைச்சாறு காய்ந்து கறுத்திருந்தது.

"உலகப்பா, ஆணை உனக்குத் தெரியும்" என்றார் அரசர். "அது மீறப்படவில்லை என்று பொழுது சாய்வதற்குள் காட்டு. காட்டாவிட்டால் அவள் கையோடு உன் கையும் போகும்."

அவர் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் உலகப்பனைப் பயமுறுத்தியது.

"அரசே, பிரதானியாரிடம் ஒன்று கேட்கலாமா?" என்றான். "ஐயா, இந்த இரண்டு வருடமும் கொடியைக் காத்தவர் தாங்கள்தானே?"

"நானேதான். ஓர் இலை குறையாமல் காத்தேன்."

"ஓர் இலை கூடாமல் காத்தீர்களா?"

மகுடேசர் அரசரைத் திரும்பிப் பார்த்தார்.

"அரசியார் விட்டுச் சென்றபடியே இருக்க வேண்டும் என்பது ஆணை. அது வளர்ந்த ஒவ்வொரு நாளும் ஆணை மீறப்பட்டது. மீறவிட்டவர் தாங்கள். நாச்சம்மை ஒருத்திதான் அதைப் பழையபடி வைத்தாள்."

"பிதற்றல்! அரசியார் விட்டுச் சென்ற அளவு இதுதான் என்று எவன் கண்டான்?"

"கொடியே சொல்லும். தோட்டத்துக்கு எழுந்தருள வேண்டும், அரசே."

நடக்கும்போது உலகப்பன் பின்தங்கினான். அங்கே இருப்பதை அவன் இரண்டு வருடமாக யாரிடமும் சொன்னதில்லை. சொல்லாதே என்று அரசி உதட்டில் விரல் வைத்துக் காட்டியிருந்தாள். அது அவனுடைய விகடம் அல்ல. அவளுடையது.

பந்தல் வெறுமையாக நின்றது. வெட்டிய கொடி குவியலாகக் கிடந்தது. மீதியிருந்த தண்டு பந்தல்காலைச் சுற்றி ஏறி, ஒரு துணி முடிச்சுக்குச் சற்று மேலே நின்றுவிட்டது.

"காய்ச்சல் காணறதுக்கு மொத நா அம்மா கட்டுன முடிச்சு" என்றாள் நாச்சம்மை. "நுனியில கட்டுனாங்க. அதுக்குக் கீழ நான் கத்தி வைக்கல சாமி."

மகுடேசர் சிரித்தார். "இரண்டு வருடத்தில் கொடி வளரும்போது முடிச்சும் கூடவே மேலே ஏறியிருக்காதா? அன்றைக்கு இது முழங்காலில் இருந்திருக்கும்!"

"கொடி நுனியிலதான் சாமி நீளும். கட்டுன எடம் கட்டுன எடத்துலயே நிக்கும்."

உலகப்பன் யானைக் கொட்டாரத்துப் புளியமரத்தைக் காட்டினான். "அதில் சங்கிலித் தழும்பு இருக்கிறது, பிரதானியாரே. மன்னரின் பாட்டனார் காலத்தில் யானை கட்டியது. இன்றும் யானையின் கால் உயரத்தில்தான் இருக்கிறது. தழும்பும் மரத்தோடு ஏறுமென்றால், இந்நேரம் யானையை உச்சிக்கிளையில் அல்லவா தேட வேண்டும்!"

யாரும் சிரிக்கவில்லை. அரசர் அதைக் கேட்கவே இல்லை. அவர் முடிச்சின் அருகே போயிருந்தார். அது அவருடைய நெற்றி உயரத்தில் இருந்தது. குதிகாலை உயர்த்திக் கையை நீட்டினால் அரசிக்கு எட்டும் உயரம். அவர் அதைத் தொட்டார். துணி வெளுத்திருந்தது, மடிப்புக்குள்ளே மட்டும் கிளிப்பச்சை மிச்சம் இருந்தது. ஓரத்தில் ஒரு ஜரிகை இழை மின்னியது.

"உலகப்பா... இது என்னுடைய தலைப்பாகை."

"ஆம், அரசே."

கீழே குனிந்து பார்த்தார். அடுத்த முடிச்சும் கிளிப்பச்சை. அதற்கடுத்ததும்.

"நான் வண்ணார்களை விசாரித்தேனே! மூன்று நாள்!"

"நாலு நாள், அரசே. 'நார் கட்டினால் தளிருக்கு வலிக்கும், பட்டுதான் வேண்டும்' என்று அரசியார் சொன்னார்கள். 'அந்தத் தலைப்பாகையில் அவர் கிளி மாதிரிதான் இருக்கிறார்' என்றும் சொன்னார்கள்."

அரசர் சிரித்தார். முதலில் மூச்சு முட்டியது போல ஒரு சத்தம்; பிறகு பெரிய சிரிப்பு. பந்தல்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கண்ணீர் தாடியில் இறங்கிய பிறகும் சிரித்தார். தோட்டத்துக் காவலர்கள் ஓடி வந்து, என்ன செய்வதென்று தெரியாமல் நின்றார்கள்.

பிறகு தன் கையிலிருந்த கடகத்தைக் கழற்றி நாச்சம்மையின் வலது கையில் போட்டார். மகுடேசரைத் திரும்பிப் பார்த்தார். "ஆணைப்படி உம்முடைய கைதான் போக வேண்டும்."

"வேண்டாம், அரசே" என்றான் உலகப்பன். "நான் இனி விகடம் சொன்னால் அவையில் கைதட்ட ஆள் வேண்டும்."

அரசர் மறுபடியும் சிரித்தார். வெட்டிய கொடி முழுவதையும் மகுடேசர் தன் தலையில் சுமந்து எருக்குழியில் போட வேண்டும் என்று தீர்ப்பானது. உலகப்பனுக்குச் சால்வையும் ஒரு பை பொன்னும் கிடைத்தன.

சித்திரையில் முல்லை பூத்தது. திதி அன்று நாச்சம்மை ஒரு முழம் கேட்டாள். கூடை கூடையாகப் பறித்தார்கள்.

அன்று மாலை அவையில் உலகப்பன் ஒரு விகடம் சொன்னான். அரசர் சிரித்தார். உலகப்பன் அதைப் பார்க்கவில்லை. பழக்கத்தில் அவன் கண்கள் முதலில் பக்கத்து ஆசனத்துக்குப் போயிருந்தன. அங்கே யாரோ ஒரு முழம் பூ வைத்திருந்தார்கள்.