தர்ஷிகாவின் ஐந்து பதில்கள்

அடுப்பில் பால் வைத்திருந்தால் இறக்கிவிட்டு வாருங்கள். இந்தக் கதைக்கு நடுவில் எழுந்துபோனால் விடை கையில் சிக்காது, பாலும் பொங்கிவிடும். நான் சொல்வதில் ஒரு சின்ன விஷயத்தை மட்டும் மனசில் முடிந்து வைத்துக்கொள்ளுங்கள். எது என்று சொல்ல மாட்டேன்.

சுடலைமுத்துவுக்கும் செல்வக்கனிக்கும் ஒரே மகள் தர்ஷிகா. வயது ஏழு. டிபன் டப்பாவின் மூடியைத் தரையில் சுழலவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். பசித்தால் பசி என்று சொல்லத் தெரியாது, சுவரில் தலையை முட்டுவாள்.

போன மாதம் பள்ளிக்கூட வாசலைத் தாண்டி ரோட்டுக்கு ஓடிவிட்டாள். லாரிக்காரர் பிரேக் போட்டதால் பிழைத்தாள். தலைமையாசிரியை கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். "எனக்கு இனிமே தைரியம் இல்லம்மா. கூட இருந்து சொல்லிக்கொடுக்க ஒரு ஆள் வந்தா அனுப்புங்க. இல்லாட்டி வீட்லயே வச்சுக்கிடுங்க."

அந்த ஆள்தான் ஜெபராணி டீச்சர், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கென்றே இருக்கும் சிறப்பாசிரியை. ஆனால் அவர் தவறாமல் வரவேண்டுமென்றால் மருத்துவ முகாமில் டாக்டர் பார்த்துச் சான்று தரவேண்டும். முகாமோ வருஷத்துக்கு ஒருமுறை. அலைந்து திரிந்து இடம் வாங்கிக் கொடுத்த டீச்சர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "புதுசா எதுவும் சொல்லிக்கொடுக்காதீங்க, எதையும் மறைக்காதீங்க. அவ எப்படி இருக்காளோ அப்படியே கூட்டிட்டு வாங்க."

இங்கேதான் சண்முகத்தாய் வருகிறாள், சுடலைமுத்துவின் அக்கா. நம் வீடுகளில் விருந்தாள் வந்தால் பிள்ளையை நடுவில் நிறுத்தி, "மாமாவுக்குச் சொல்லிக் காட்டு" என்போமே, அதில் தம்பி மகள் தலைகுனியக்கூடாது என்று ஒரு வருஷமாகப் பாடுபட்டு ஐந்து பதில்கள் பழக்கியிருந்தாள். பேரு என்ன? தர்ஷிகா. வயசு என்ன? ஏழு. அப்பா பேரு? சுடலைமுத்து. என்ன கிளாஸ்? ரெண்டு. காலையில என்ன சாப்பிட்ட? இட்லி. ஐந்தாவது பதில் வந்ததும் அத்தை படபடவென்று கைதட்டுவாள். பிள்ளையும் குதித்துக்கொண்டு கைதட்டும்.

முகாமுக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர் குனிந்து, "வயசென்ன பாப்பா?" என்றார்.

"தர்ஷிகா."

"பேர யாரு கேட்டா? சரி, பேரு என்ன?"

"ஏழு."

பஸ்ஸே சிரித்தது. "எங்க பிள்ளை உம்மயே கேலி பண்ணுதா பாரும்!" என்று சண்முகத்தாய் பெருமைப்பட்டாள். செல்வக்கனி மட்டும் சிரிக்கவில்லை.

முகாமில் உறவுக்காரர்கள் மட்டும் உள்ளே போகலாம் என்றார்கள். அங்கே வந்து காத்திருந்த டீச்சர் கதவுக்கு வெளியே நின்றுவிட்டார். உள்ளே போனதும் சுடலைமுத்துவுக்குப் பதற்றம். கொஞ்சம் கூட்டிச் சொன்னால்தான் காரியம் நடக்கும் என்று நினைத்து, "ஒரு வார்த்தை பேசமாட்டா டாக்டரம்மா" என்று சொல்லிவிட்டான்.

டாக்டரம்மா பிள்ளையைப் பார்த்துக் கேட்டார். "உன் பேரு என்ன?"

"தர்ஷிகா."

"வயசு?" "ஏழு." "அப்பா பேரு?" "சுடலைமுத்து." "என்ன கிளாஸ் படிக்க?" "ரெண்டு." "காலையில என்ன சாப்பிட்ட?" "இட்லி."

சண்முகத்தாய் கைதட்டினாள். பிள்ளையும் தட்டிவிட்டு, கையோடு கொண்டுவந்த டிபன் மூடியைத் தரையில் சுழலவிட்டது. டாக்டரம்மா நாற்காலியில் சாய்ந்து சுடலைமுத்துவைப் பார்த்தார்.

"பேசவே பேசாதுன்னீங்க? வெளியே எத்தனை பேர் உண்மையான கஷ்டத்தோட நிக்காங்க தெரியுமா? அடுத்த ஆளை வரச்சொல்லுங்க."

பொய் சொன்னவன் இனி உண்மையைச் சொன்னாலும் யார் கேட்பார்? சுடலைமுத்து மனைவியின் காதில், "அந்த மூடியப் பிடுங்குட்டி. கத்தட்டும், தலைய முட்டட்டும், அப்பவாது நம்புவாங்க" என்றான்.

செல்வக்கனியின் கை மூடிவரை போய்விட்டது. இந்த முகாமை விட்டால் இன்னும் ஒரு வருஷம். அந்த ஒரு வருஷத்தில் எத்தனை லாரி! பிள்ளையோ மூடி சுழலுகிற அழகில் சிரித்துக்கொண்டிருந்தது. தாய் கையை இழுத்துக்கொண்டாள்.

அடுத்த ஆள் கதவைத் திறக்குமுன், அவள் டாக்டரம்மாவிடம் ஒரே ஓர் உதவி கேட்டாள். அதில் பொய் இல்லை, பிள்ளைக்கு அழுகையும் இல்லை.

அவள் கேட்டது என்ன? சொல்லுங்கள் பார்க்கலாம்.

விடை: பஸ்ஸில் நடந்ததை முடிந்து வைத்தவர்களுக்குத் தெரிந்திருக்கும். "அதே கேள்விதாம்மா. கடைசியில இருந்து திருப்பிக் கேளுங்க" என்றாள். டாக்டரம்மா முகம் சுளித்துக்கொண்டே, "காலையில என்ன சாப்பிட்ட?" என்றார். "தர்ஷிகா." "என்ன கிளாஸ்?" "ஏழு." டாக்டரம்மா நிமிர்ந்து உட்கார்ந்தார். மெதுவாகக் கேட்டுக்கொண்டே போனார். கடைசியாக, "உன் பேரு என்னம்மா?" "இட்லி." ஐந்தும் முடிந்ததல்லவா, பிள்ளை கைதட்டலுக்காக அத்தையைப் பார்த்தது. சண்முகத்தாய் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அப்போது செல்வக்கனி கைதட்டினாள், கன்னத்தில் வழிந்ததைத் துடைக்காமலே. டாக்டரம்மாவும் சேர்ந்து தட்டினார். அத்தை பழக்கிய பாடம் தெரிந்த ஜெபராணி டீச்சருக்கு வெளியே இரண்டாவது தடவையும் கைதட்டல் கேட்டது. பிள்ளை எல்லாவற்றையும் சரியாகச் சொல்லிவிட்டாள், போச்சு எல்லாம் என்று சுவரில் சாய்ந்துவிட்டார். கதவு திறந்து செல்வக்கனி வந்தாள். "டீச்சர், திங்கக்கிழமை எத்தனை மணிக்கு வருவீங்க?"