மேலச்சுழியத்தில் இரண்டு இரவு, மூன்று பகல்

மேலச்சுழியத்துக்குச் சாலை கிடையாது. பஸ் பிடிக்க மூன்று மைல் சேற்றைத் தாண்ட வேண்டும். ஊரில் இருப்பது ஒரே ஒரு மாட்டுவண்டி. ஊர்த்தலைவர் தெய்வநாயகத்தின் மகளைப் பெண் பார்க்க வந்த மூன்று மாப்பிள்ளைகள் பாதிச் சேற்றிலேயே திரும்பிப் போயிருக்கிறார்கள். சாலை கேட்டு மனு எழுதி எழுதி அவர் கையெழுத்து அழகானதுதான் மிச்சம்.

இந்த ஊர்க்காரர்களைப் பற்றி அக்கம்பக்கத்தில் ஏதேதோ சொல்வார்கள். எனக்கு அவர்கள் மேல் தனிப் பிரியம். சொன்னதைச் சொன்னபடி செய்கிற ஜனங்களை வேறு எங்கே போய்த் தேடுவது?

ஒருநாள் ஒரு சுற்றுலாக் கம்பெனி வந்தது. பூட்டிக் கிடந்த ஜமீன் வீட்டுக்கு வெள்ளையடித்து மெத்தை போட்டார்கள். மேனேஜர் ஜெயசீலன் ஊரைக் கூட்டி விஷயத்தைச் சொன்னார். பட்டணத்துப் பணக்காரர்கள் இரண்டு இரவு, மூன்று பகல் தங்குவார்கள். வயலைப் பார்ப்பார்கள், பாரம்பரியத்தைத் தொட்டுப் பார்ப்பார்கள், சாயங்காலமானால் விஸ்கி குடிப்பார்கள். முதலில் வருகிறவர்கள் மனம் குளிர்ந்து கடிதம் எழுதினால் கம்பெனியே சாலை போட்டுத் தரும். தெய்வநாயகத்துக்குக் கண் கலங்கிவிட்டது.

கிளம்பும்போது மேனேஜர் இரண்டே இரண்டு உத்தரவு போட்டார். விளம்பரப் படத்தில் இருப்பதுதான் ஜன்னலுக்கு வெளியே தெரிய வேண்டும். அது ஒன்று. அப்புறம் நான்கு பாட்டிலை எடுத்து வைத்து, "விஸ்கி பன்னிரண்டு வருஷம் மரத்துல கிடக்கணும். அதுக்குக் குறைஞ்சதை நம்ம விருந்தாளிங்க தொடவே மாட்டாங்க" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். மரம் என்றால் மரப்பீப்பாய் என்று சொல்ல மறந்துவிட்டார்.

படத்தில் எருமை மேல் ஒரு கொக்கு நின்றது. எருமையை ஜன்னலுக்கு நேரே கட்டினார்கள். கொக்கு சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. ஆகவே தலைவரின் மைத்துனர் மாசானத்துக்கு வெள்ளை வேட்டியைப் போர்த்தி எருமை மேல் ஏற்றி, ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னார்கள்.

விஸ்கி விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. தலைவர் பாட்டிலைத் தட்டிப் பார்த்தார். அது கண்ணாடி. மரத்தின் வாடையே அறியாத சரக்கை எவனோ மேனேஜர் தலையில் கட்டிவிட்டான் என்று எல்லாருக்கும் வருத்தம். விருந்தாளிகள் வர இன்னும் இரண்டே நாள்தான் இருந்தது.

ஊரின் கணக்குப்புலி கொம்பையா நெற்றியைத் தடவிக்கொண்டு சொன்னார்: "ஒரு மரத்துல பன்னிரண்டு வருஷம் கிடக்கணும்னா, பன்னிரண்டு மரத்துல ஒரு வருஷம் கிடந்தா போதும்லா?"

கணக்கு எல்லாருக்கும் சரியாகப் பட்டது. அப்படியானால் இரண்டு நாளுக்கு எத்தனை மரம்? கொம்பையா சுவரெல்லாம் கரியால் எழுதி, இரண்டாயிரத்து நூற்றுத் தொண்ணூறு என்று முடித்தார். ஊரே பஞ்சை விஸ்கியில் நனைத்துக்கொண்டு கிளம்பியது. கதவு, ஜன்னல், உலக்கை, கலப்பை, அகப்பை, கட்டில் கால் என்று ஒன்றுவிடாமல் பூசினார்கள். அப்படியும் குறைந்ததால் வண்டியைப் பிடித்துக்கொண்டார்கள். ஆரக்கால், முளைக்குச்சி, நுகத்தடி எல்லாவற்றையும் தனித்தனி மரமாக எண்ணி, மிச்சத்தை அதன் மேலேயே ஊற்றினார்கள்.

விருந்தாளிகள் தேவநாதனும் அவர் மனைவி வசுமதியும் வந்தார்கள். அம்மாள் ஜன்னலைத் திறந்து மாசானத்தைப் பத்துப் படம் எடுத்தாள். பறவை தும்மியபோது இன்னும் இரண்டு எடுத்தாள்.

சாயங்காலம் தேவநாதன் விஸ்கி கேட்டார். அதெல்லாம் காய்ந்து போயிருந்தது. தலைவர் கூசாமல் அவரை ஜமீன் வீட்டுக் கதவருகே கூட்டிப் போய், பன்னிரண்டு வருஷம் சரியாக ஆகிவிட்டது, மோந்து பார்க்கலாம் என்றார். தேவநாதன் மனைவியைப் பார்த்தார். தெரியாது என்று சொல்லி அவருக்குப் பழக்கமில்லை. கதவில் மூக்கை வைத்து, கண்ணை மூடி, "தேக்கு தூக்கலா இருக்கு. ஓரத்துல கொஞ்சம் விளக்கெண்ணெய்" என்றார். அம்மாளுக்கு உலக்கைதான் பிடித்திருந்தது. இரண்டு சாயங்காலமும் வீடு வீடாகப் போய் மோந்தார்கள்.

மூன்றாம் நாள் விருந்தாளிகளைப் பஸ்ஸுக்கு அனுப்ப வண்டி பூட்டப் போனபோது, பஞ்சு பிடித்துப் பூசிய பெண்களில் ஒருத்தியான பேச்சித்தாய் ஒரு கேள்வி கேட்டுவிட்டாள். நான்கு பாட்டில் ஊற்றினோமே, எங்கே போயிற்று? மனுஷர் யாரும் குடிக்கவில்லை. அப்படியென்றால் மரம்தான் குடித்திருக்கிறது. அதிலும் அதிகம் குடித்தது வண்டி.

"குடிச்சிட்டு வண்டி ஓட்டக் கூடாதுன்னு பஸ் ஸ்டாப்புல போர்டு இருக்கு" என்றார் தலைவர் கவலையோடு.

"ஓட்டுதவன் குடிக்கலையே அண்ணாச்சி?" என்றான் வண்டிக்காரன்.

"ஓட்டுதவன் குடிச்சாலே குத்தம்னா, வண்டியே குடிச்சிருக்கு. விருந்தாளி உயிரு என்னவே ஆகும்?"

விருந்தாளி நல்லபடி போய்ச் சேர வேண்டும், சாலை வர வேண்டும். யோசிக்க நேரமில்லை. தேவநாதனையும் வசுமதியையும் வண்டியில் உட்காரவைத்து, பதினாறு பேர் வண்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு மூன்று மைல் சேற்றில் நடந்தார்கள். மாடுகள் வேலையில்லாமல் பின்னால் வந்தன.

பத்து நாளில் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. விருந்தாளிகள் உருகிப்போய்விட்டார்களாம். வேறெங்கும் கிடைக்காத பாரம்பரியம் அந்தப் பல்லக்குப் பயணம்தானாம். சாலை வந்தால் அது கெட்டுவிடும் என்பதால் கம்பெனி சாலை போடுவதாக இல்லை.

தெய்வநாயகம் கடிதத்தை மடியில் போட்டுக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். மகள் முகம் கண்ணில் வந்திருக்கும். எனக்கே மனசு கேட்கவில்லை.

கடைசியில் கொம்பையா அவர் தோளைத் தொட்டார்.

"விடுங்க அண்ணாச்சி. எல்லாம் நல்லதுக்குத்தான். இப்பப் போயி சாலை வந்தா வண்டி ஓட்டணும்லா? அதுக்குத்தான் இன்னும் தெளியலையே. காலைல தொட்டுப் பாத்தேன், ஆடுது."

தலைவர் முகம் தெளிந்தது. எல்லாரும் எழுந்து போய் வண்டிக்கு இன்னொரு குடம் மோர் ஊற்றினார்கள்.